என் ஈரலும் அம்மனும்

எனக்கு ஒரு இடத்தில் இருக்க வராது. கிளினிக்கில் மற்றவர்கள் தங்கள் இலக்கம் வரும்வரை வாங்கில் குந்தியிருப்பார்கள். நான் வாசலுக்கும் மருந்து கொடுக்கும் யன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பேன். காவலாளி முதலில் முறைத்தான், பிறகு பழகிவிட்டான். "நாய்க்கு வேலையுமில்லை, நிக்க நேரமுமில்லை" என்று என் மனைவி சொல்வாள். அதில் பாதிதான் சரி. எனக்கு வேலை இருந்தது, கடலில். அங்கே போகத்தான் அவள் என்னை விடவில்லை.

எங்கள் வீடு திருகோணமலை நகரத்துக் கடற்கரையில். கதவைத் திறந்தால் மணல், மணலில் போட். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு விடியற்காலை அந்தப் போட்டில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் சத்தத்துக்குள்ளே இருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முதல் நாள் சிரித்தேன். பிறகு அந்தக் குரல்கள் கரைக்கும் வந்தன, வீட்டுக் குசினிக்கும் வந்தன. கூப்பிட்டவர்கள் ஏசத் தொடங்கினார்கள். கடைசியில் வலைக்குக் கீழே ஆட்கள் மூச்சில்லாமல் கிடக்கிறார்கள், வெட்டிவிடு என்றார்கள். புது வலையை நடுக்கடலில் வெட்டிவிட்டேன். கூட வந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, போட்டைத் திருப்பினான். அன்றே என் மனைவி எஞ்சினைக் கழற்றுவித்துத் தம்பியின் வீட்டில் வைத்துவிட்டாள். போட் ஓடியது, மச்சான் அதைக் கொண்டுவந்து பூட்டி ஓட்டினான். நான் கரையில் நின்று பார்த்தேன்.

அந்த எஞ்சினைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் முதலில் மாதத்துக்கு ஒரு ஊசி போட்டார்கள். குரல்கள் அமத்தலாகின, ஆனால் கால்கள் பேசத் தொடங்கின. இருந்தால் எழும்பு என்னும், எழும்பினால் நட என்னும். தோலுக்குள்ளே எறும்பு ஊர்வது மாதிரி ஒரு அரிப்பு, அதைச் சொறியவும் இடமில்லை. கடற்கரையில் தொடங்கி, மீன் சந்தையைத் தாண்டி, உள்துறைமுக வீதியால், மா ஆலைக்கு வரும் கோதுமைக் கப்பல் தெரியும் இடம்வரை போவேன். எங்கள் நகரத் தெருக்களில் திரிந்து குப்பையில் மேய்கிற மான்கள்கூட என்னைக் கண்டால் தலை நிமிர்த்துவதில்லை. திரும்பி வந்து சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தபடி சாப்பிடுவேன். என் மனைவி கதிரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அழுவாள். எனக்கு அவள்மேலும் கோபம் வரும், கதிரைமேலும் கோபம் வரும்.

பிறகு ஒரு புது டொக்டர் வந்தா. மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் பெண், என்னைவிட இளையவ, முக்காட்டைச் சரிசெய்தபடியே விறுவிறு என்று எழுதுவா. ஊசியை நிறுத்திக் குளிசை, அதாவது மாத்திரை, தந்தா. கால்கள் கொஞ்சம் அடங்கின. குரல்கள் போகவில்லை, ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்கு இறங்கின. போன தடவையை விட நல்லம் என்று சொல்லிக்கொண்டு நானும் ஒன்றன்பின் ஒன்றாகப் பீடியைப் பற்றவைத்து நாளைக் கழித்தேன். பீடி குடிப்பதை டொக்டருக்கு மறைத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்பா, ஓம் என்பேன், நெஞ்சுக்குக் கூடாது என்பா, ஓம் என்பேன்.

இனி ஆடி மாதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டித் தீ மிதிப்பது என் அப்பா காலத்திலிருந்து வீட்டில் ஒரு ஆணுக்கு உள்ள கடமை. ஆடி பிறந்தால் மீன் மச்சம் இல்லை, சாராயம் இல்லை, பீடி இல்லை. தீ மிதிப்பு முடியும்வரை படுக்கை கோயில் மண்டபத்தில். நோய் வந்த பிறகு முதல் தடவையாக, குளிசை தொடங்கிய வருடம் நான் காப்புக் கட்டியபோது ஊரே பயந்தது. ஆனால் ஆடி நடுவில் குரல்கள் நின்றுவிட்டன. சும்மா குறையவில்லை, அடியோடு நின்றன. நான் மண்டபத் தூணில் சாய்ந்தபடி குழந்தை மாதிரி நித்திரை கொண்டேன். பூசைக்கு எழுப்பினால் எழும்புவேன், திரும்பத் தூங்குவேன். வாயிலிருந்து எச்சில் வழிந்தது. "அம்மன் பாத்திட்டா" என்றார்கள். என் மனைவி தூர நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். என்னைக் கும்பிட்டாளா, எனக்குப் பின்னால் இருந்தவளைக் கும்பிட்டாளா என்று கேட்கும் தெளிவு எனக்கு அப்போது இல்லை.

தீ மிதித்தேன், கால் சுடவில்லை. அடுத்த கிளினிக்குக்கு மனைவி என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போனாள். டொக்டரின் முன்னாலேயே தலை சரிந்தது. "குளிசை கூடிட்டுது போல, கொறைப்பம்" என்று டொக்டர் குறைத்தா. நான் வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டு, மாதக்கணக்காகப் பார்க்காத சிநேகிதனைப் பார்ப்பது போலப் பீடியைப் பற்றவைத்தேன். ஆவணி முடியுமுன் குரல்கள் வந்தன. புரட்டாசியில் என்னை வார்ட்டில் வைத்தார்கள். டொக்டர் குளிசையைத் திரும்பக் கூட்டினா.

அடுத்த வருடமும் அதே கதை, அதற்கடுத்த வருடமும். ஆடியில் அமைதி, ஆவணியில் ஆட்டம், புரட்டாசியில் வார்ட். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? திருவிழா முடிந்த கையோடு மீன் சாப்பிட்டது பிழை என்றார்கள். சாவு நடந்த துடக்கு வீட்டுக்குப் போயிருப்பான் என்றார்கள். என் மனைவி எனக்காக மடிப்பிச்சை எடுத்தாள். நல்ல சேலை உடுத்திப் பழகியவள், முந்தானையை ஏந்தி வீடு வீடாகப் போய் நின்று அரிசி வாங்கிக் கோயிலில் கொடுத்தாள். போட்டைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"ஒரு புரட்டாசி சுகமாக் கழியட்டும். அடுத்த நாள் எஞ்சினைத் தாறன்."

எனக்கு அது ஒரு பெரிய விசயமாகவே முதலில் படவில்லை. பிறகுதான் அந்த ஒரு மாதத்தைத் தாண்ட முடியாமல் வருடங்கள் போவது விளங்கியது.

கனடாவில் இருக்கும் என் அக்கா ஒருநாள் வாட்ஸ்அப்பில் வந்தா. அக்காவுக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பரிசோதனை உண்டு.

"தம்பி, உந்தக் குளிசையை மாத்தி மாத்தித் தாறதெல்லாம் பழைய காலம். இஞ்சை மரபணுவைப் பாத்து, உன்ரை உடம்புக்கு எது ஒத்துவரும் எண்டு சொல்லுவினம். மூளையையும் படம் எடுக்கலாம். நான் எல்லாம் ஒழுங்கு செய்யிறன்."

"படத்திலை குரல் தெரியுமோ?"

"ஏன்டா தெரியாது? எல்லாம் தெரியும்."

அக்காவின் அந்த வார்த்தையை நான் விழுங்கிவிட்டேன். எனக்கு அப்போது குளிசையைவிடப் படம்தான் வேண்டியிருந்தது. என் தலைக்குள்ளே ஒரு இடத்தைக் காட்டி, இந்தா, இங்கேதான் பழுது என்று ஒருவர் சொன்னால் போதும். எஞ்சினில் பழுது என்றால் கழற்றிப் பார்ப்போம், கரி பிடித்ததைச் சுரண்டுவோம், ஓடும். துடக்கு, சாபம், செய்வினை என்று ஊரெல்லாம் சொல்லும் கதைகளின் முகத்தில் அந்தப் படத்தை எறிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

விடுமுறைக்கு வந்த யாரோ மூலம் அக்கா ஒரு சின்னப் பெட்டி அனுப்பினா. உள்ளே காது குடையும் பஞ்சு மாதிரி இரண்டு குச்சி, ஒரு குழாய். கன்னத்தின் உட்பக்கத்தில் தேய்த்து அனுப்ப வேண்டும். அதற்கு முன் அரை மணித்தியாலம் சாப்பிடக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, புகைக்கக்கூடாது என்று அக்கா போனில் நின்று கட்டளையிட்டா. அந்த அரை மணித்தியாலம் நான் கிணற்றைச் சுற்றி நடந்தேன். என் மனைவி குச்சியை வாங்கி, கோயில் விபூதியைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு, தானே என் கன்னத்துக்குள் விட்டுத் தேய்த்தாள். பிள்ளைக்கு மருந்து தடவுகிற முகம் அவளுக்கு. குழாயை மூடிச் சாமிப்படத்தின் முன்னால் ஒரு நிமிடம் வைத்துவிட்டுத்தான் அனுப்பத் தந்தாள்.

மூளைப் படத்துக்குக் கொழும்புக்குப் போனோம். பஸ்ஸில் கந்தளாய் வருமுன்பே நான் எழும்பி நின்றுவிட்டேன். கொண்டக்டர் இருக்கச் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனான். ஆஸ்பத்திரியில் உடம்பில் உலோகம் ஒன்றும் இருக்கக்கூடாது என்றார்கள். மோதிரம் கழன்றது. அரைஞாண்கொடி கழலவில்லை. வெள்ளிக்கொடி, கல்யாணத்துக்கு முன்பே கட்டியது, உப்புக்காற்றில் கொளுக்கி இறுகிவிட்டது. வெட்டத்தான் வேண்டும் என்று அங்கே வேலை செய்த ஒரு பையன் கத்தரிக்கோலோடு வந்தான்.

"வெட்ட விடமாட்டன்" என்றாள் என் மனைவி. "அரைஞாணை வெட்டுறது ஆள் செத்தாப் பிறகு."

பையனுக்குத் தமிழ் விளங்கவில்லை, முகம் விளங்கியது. கத்தரிக்கோலைப் பின்னால் மறைத்தான். கடைசியில் என் மனைவி வெளியே போய் எங்கேயோ கறுப்புக் கயிறு வாங்கிவந்தாள். ஆஸ்பத்திரி நடைபாதையில், இரண்டு தாதிமார் பார்த்துக்கொண்டிருக்க, முதலில் அந்தக் கயிற்றை என் இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்டாள். பிறகுதான் வெள்ளிக்கொடியைத் தொட விட்டாள். ஒரு நிமிடம்கூட என் அரை வெறுமையாக இருக்கவில்லை.

குகை மாதிரி அந்த மெசினுக்குள் என்னைத் தள்ளினார்கள். அசையக்கூடாதாம். இருக்கவே வராதவனைப் படுக்கவைத்து அசையாதே என்றால்? தட்டல், உறுமல், திரும்பத் தட்டல். பழைய எஞ்சின் ஒன்று வீட்டுக்குள் ஓடுவது போலச் சத்தம். அதற்குள்ளே குரல்கள் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டு, கதையுங்கோடா, நல்லாக் கதையுங்கோ, இப்ப படம் எடுக்கினம், எல்லாரும் பிடிபடப் போறியள் என்று மனதுக்குள் சொன்னேன். அவ்வளவு சந்தோசமாக நான் அவர்களோடு கதைத்தது அந்த ஒரு தடவைதான்.

முடிவு வந்தது. படத்தில் ஒன்றுமில்லை. நோர்மல்.

என் மனைவி கைகூப்பி அழுதாள், சந்தோசத்தில். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்தினேன். எது நோர்மல்? வெட்டிவிட்ட வலை நோர்மலா? வார்ட்டில் கட்டிலோடு கட்டிவைத்தது நோர்மலா? ஒரு கட்டி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

மரபணு முடிவும் சில வாரங்களில் வந்தது. அக்கா போனில் அனுப்பினா. மருந்துகளின் பெயர்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்திருந்தார்கள். நான் குடிக்கிற குளிசை பச்சையில் இருந்தது.

"பச்சை எண்டால் நல்லமோ?" என்று மனைவி கேட்டாள்.

"ஓமடி, அதுதான் இவனுக்குத் திறம்" என்றா அக்கா.

"அப்ப ஏன் ஒவ்வொரு புரட்டாசியும் வார்ட்டிலை கிடக்கிறன்?" என்றேன். லைன் சரியில்லை என்று அக்கா வைத்துவிட்டா.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எங்கள் டொக்டரிடம் போனேன். அவ படத்தையும் பார்த்தா, நிறங்களையும் பார்த்தா. நல்ல குணம், சிரிக்கவில்லை.

"மூளைப் படம் எடுக்கிறது வேற வருத்தம் ஏதும் இருக்கா எண்டு பாக்க. உங்களுக்கு எந்தக் குளிசை சரி எண்டு அது சொல்லாது. இன்னும் அந்தளவுக்கு ஒருத்தரும் வரல்ல. மரபணு கொஞ்சம் சொல்லும். உங்கட ஈரல் ஒரு மருந்தைக் கெதியாக் கரைக்குமா, ஆறுதலாக் கரைக்குமா எண்டு. உங்கட ஈரல் சாதாரணம். பச்சை எண்டா இந்தக் குளிசையக் குடிக்கலாம் எண்டுதான். சுகமாகும் எண்டு இல்ல."

"அப்ப எனக்கு ஏன் சுகமாகேல்லை?"

"தெரியல்ல" என்றா. ஒரு டொக்டர் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டதில் எனக்கு மரியாதை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அன்று துறைமுக வீதியால் இரண்டு தடவை போய்வந்தேன்.

அடுத்த கிளினிக் மாசி மாதத்தில், நோன்புக்குக் கொஞ்சம் முன்பு. எங்கள் கிளினிக்கில் ஒருவர் டொக்டரோடு கதைக்கும்போதே அடுத்தவரையும் உள்ளே கூப்பிட்டு மூலைக் கதிரையில் இருத்திவிடுவார்கள். அது நல்ல பழக்கம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பழக்கத்தால் நான் பிழைத்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு வயதான மனிதர், நெல் வியாபாரி. நான் கதிரையில் இருக்காமல் கதவோரம் நின்றேன்.

"நோம்புக்குக் குளிசைய எப்ப எடுக்கப் போறீங்க?" என்று டொக்டர் கேட்டா.

"நோம்பு தொறந்த பொறகு, மகள்."

"சிகரெட்?"

"இந்த முற ஒரேயடியா விடப்போறன். அல்லாஹ் உதவி செய்யணும்."

"விடுங்க, நல்லது. ஆனா விட்ட ஒடன எனக்குச் சொல்லணும். குளிசையக் கொறைக்கணும். இல்லாட்டி உடம்புல கூடிப்போயிடும். போன வருஷம் மாதிரிப் பள்ளியில சாஞ்சி நித்திரை கொள்ளுவீங்க, வாயால எச்சி வடியும்."

அந்த மனிதர் வெட்கப்பட்டுச் சிரித்தார். பள்ளிவாசல் தூணில் சாய்ந்து கிடந்த அந்த ஆளை நான் கண்ணால் கண்டேன். அது நான்தான், கோயில் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

"டொக்டர், பீடிக்கும் அப்பிடியோ?"

"உங்கட நம்பர் வரட்டும்."

"நான் ஆடியிலை பீடி விடுறனான்."

அவ எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. "எதுக்கு?"

"காப்புக் கட்டுறதுக்கு. ஆடி பிறந்தால் தீ மிதிக்குமட்டும் ஒண்டுகூடத் தொடுறேல்லை."

"ஒவ்வொரு வருஷமுமா?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல? பீடி குடிக்கிறீங்களா எண்டு ஒவ்வொரு முறையும் கேட்டேனே!"

"கேக்கிற நேரம் குடிச்சனான்தானே. அதாலை ஓம் எண்டு சொன்னனான்."

கிண்ணியாக்காரர் என்னையும் டொக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். டொக்டர் என் கிளினிக் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினா. பிறகு ஒவ்வொன்றாக எனக்கு அவிழ்த்துக் காட்டினா. பீடிப் புகை ஈரலைத் தட்டி எழுப்பிவிடும். எழும்பிய ஈரல் இந்தக் குளிசையைக் கெதியாகக் கரைத்துத் தள்ளும். அதனால் மாதக்கணக்காக நான் குடித்த குளிசையில் பாதி எனக்குச் சேரவில்லை. ஆடியில் புகை நிற்க, ஈரல் ஆறுகிறது, அதே குளிசை உடம்பில் தங்குகிறது. குரல் நிற்கிறது, நித்திரை அமுக்குகிறது. அந்த நித்திரையைப் பார்த்து அவ குளிசையைக் குறைக்கிறா. குறைத்த கையோடு நான் பீடியைத் தொடங்குகிறேன். குறைந்த குளிசையையும் ஈரல் தின்றுவிடுகிறது. பிறகு புரட்டாசி.

"நோம்பு எண்டா எனக்குத் தெரியும். எங்கட ஆக்களிட்ட ஒவ்வொரு வருஷமும் கேக்கிறன்" என்றா. "காப்பு எண்டா என்ன எண்டு கேக்கணும் எண்டு எனக்குத் தோணல்ல. உங்கள வார்ட்டுக்கு அனுப்பினதுல என்ட கையும் இருக்கு."

"அந்த மரபணு ஏன் இதைச் சொல்லேல்லை?"

"அது உங்கட ஈரல்ட பொறவிக் குணத்தச் சொல்லும். நீங்க அதுக்கு எந்த மாசம் புகை போடுறீங்க, எந்த மாசம் நிப்பாட்டுறீங்க எண்டு உங்கட கன்னத்துக்கு எப்படித் தெரியும்?"

கடைசியில் ஒரே வார்த்தையில் முடித்தா. பீடியை ஒன்றில் எந்த நாளும் குடி, ஒன்றில் ஒரு நாளும் குடியாதே, நடுவில் விளையாடாதே. தன்னைக் கேட்டால், குடியாதே என்றா. இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குத் தரமாட்டேன் என்றும் சொன்னா.

வெளியே வந்து துறைமுகப் பக்கம் நடந்தேன். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இத்தனை வருடம், இத்தனை வார்ட், கடல் கடந்து போன ஒரு குச்சி, மூளையைப் படமெடுத்த ஒரு குகை. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பீடிக்கட்டு என் சேட்டுப் பையில் எல்லோருக்கும் தெரியக் கிடந்திருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இதை என் மனைவியிடம் எப்படிச் சொல்வது?

குசினியில் அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். கத்தி நின்றது.

"அப்ப அம்மன் ஒண்டும் செய்யேல்லையோ?"

"காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான்" என்றேன். வாயை மூடியிருக்கலாம்.

"நான் வீடு வீடாப் பிச்சை எடுத்தனான்" என்றாள். சத்தம் போடவில்லை. "ஆரார் வாசலிலை எல்லாம் நிண்டனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? என்ரை கல்யாணத்துக்கே வராத ஆக்களின்ரை வாசலிலை."

என் நெஞ்சு உடைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். என் நோயால் அவளுக்குக் கிடைத்த ஒரே நம்பிக்கையை நானே வந்து ஈரல், புகை என்று சொல்லிப் பிடுங்கிவிட்டேன்.

அடுத்த நாள் காலை கோயிலுக்குப் போனவள் மத்தியானம்தான் வந்தாள். நேராக என் சேட்டுப் பைக்குள் கையை விட்டுப் பீடிக்கட்டை எடுத்து அடுப்பில் போட்டாள்.

"இனி ஈரலுக்கும் சேத்துக் கும்பிடுறன்" என்றாள்.

பீடியை விட்ட வாரங்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோயில் மண்டபத்தில் விடுவது லேசு, அங்கே எல்லோரும் விட்டிருப்பார்கள். வீட்டில், சந்தையில், கடற்கரையில், பார்க்கும் இடமெல்லாம் புகை. கராம்பைச் சப்பினேன், கற்கண்டைக் கடித்தேன், மச்சானோடு சண்டை பிடித்தேன். டொக்டர் ஒவ்வொரு கிளினிக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிசையைக் குறைத்தா. நித்திரை அமுக்கவில்லை. குரல்கள் ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் ஏசுவதை விட்டார்கள், பிறகு பெயர் சொல்வதை விட்டார்கள். கடைசியில் தூரத்துக் கடையில் யாரோ கதைப்பது போல ஒரு முணுமுணுப்பு. அதுவும் எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியாது.

ஆடி வந்தது, காப்புக் கட்டினேன். இந்த முறை ஒன்றும் நடக்கவில்லை. தூணில் சாயவில்லை, எச்சில் வழியவில்லை. எல்லோரையும் போலப் பசித்தது, நுளம்பு கடித்தது. கோயிலில் சிலருக்கு ஏமாற்றம். "இந்த முறை அம்மன் பாக்கேல்லைப் போல" என்று என் காதுபடவே சொன்னார்கள். தீ மிதித்தபோது முதல் தடவையாகக் கால் சுட்டது.

ஆவணியில் அமைதியின்மை எல்லாம் என் மனைவிக்குப் போய்விட்டது. நான் கதிரையில் இருந்தேன், அவள் நடந்தாள். நான் எனக்குள்ளே ஒரு பாட்டை முணுமுணுத்தால் குசினியிலிருந்து ஓடி வருவாள். "ஆரோடை கதைக்கிறியள்?" தும்மினாலும் அதே கேள்வி. புரட்டாசி பிறந்ததும் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் எரித்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன் என்று ஒரு மனிதன் எப்படி நிரூபிப்பான்? எதைப் படம் எடுத்துக் காட்டுவான்?

புரட்டாசி கழிந்தது.

அடுத்த நாள் காலை, மழைக்கு முந்திய அமைதியில் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. மச்சான் எஞ்சினைத் தோளில் சுமந்துவந்து பூட்டினான். நான் போட்டைத் தள்ளப் போனபோது என் மனைவி சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். வழியனுப்ப வருகிறாள் என்று நினைத்தேன். அவள் விளிம்பைப் பிடித்து ஏறி நடுப்பலகையில் இருந்துவிட்டாள்.

எங்கள் கரையில் பெண்கள் தொழிலுக்குப் போகும் போட்டில் கால் வைப்பதில்லை. கரையில் நின்றவர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"அக்கா, என்ன செய்யிறாய்? இறங்கு" என்றான் மச்சான். "சனம் என்ன சொல்லும்? மீன் படாது."

"மீன் படாட்டிப் பரவாயில்லை. எடுங்கோ" என்றாள், என்னைப் பார்த்து.

கயிற்றை இழுத்தேன், எஞ்சின் பிடித்தது. கரை சின்னதாகியது, கோணமலைப் பாறை பக்கவாட்டில் வந்தது. முதல் தடவை கடலுக்கு வந்தவள் கடலைப் பார்க்கவில்லை. எனக்கு நேர் எதிரே இருந்து, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பரிசோதனையிலும் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நிறையத் தூரம் போன பிறகு சத்தமாகக் கேட்டாள். "ஆரும் கதைக்கினமோ?"

"நீதான் கதைக்கிறாய்."

அவள் வாய் சிரிக்கப் போனது. அதற்குள் அலை ஒன்று தூக்கிப் போட, விளிம்பில் சாய்ந்து குடல் தெறிக்க வாந்தி எடுத்தாள். மச்சான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். வாயைக் கொப்பளித்து முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பவும் என் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள்.

"நாளைக்கு நீங்கள் தம்பியோடை போங்கோ" என்றாள். "எனக்கு ஏலாது."